பதின்மூன்று இலக்கத்து எண்ணொன்று

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவிலே, மரங்கள் அடர்ந்த நிலத்தினிடையே, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எழுப்பப்பெற்ற எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதையும் கண்டவை அவை. இன்று எஞ்சியிருப்பவை 99. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் எழுதப்பெற்ற உடன்படிக்கையின்படி அவை மூன்று கூறாயின. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24. இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14. இருவரும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்துக்கு 61. அந்தப் பங்கீட்டின் நன்மை தீமை இங்கே பேச்சன்று. 24, 14, 61 என்னும் அம்மூன்று எண்களையே இங்கு சற்று நோக்கவேண்டும்.

இருபத்துநான்கு குதங்களை இருவருக்குச் சமமாகக் கொடுக்கலாம், மூவருக்கும் கொடுக்கலாம், நால்வர், அறுவர், எண்மர், பன்னிருவர் வந்தாலும் மனத்தாங்கல் இன்றிப் பிரிக்கலாம். பதினான்கை இருவரோ எழுவரோதான் ஒப்பப் பகிர முடியும். அறுபத்தொன்றோ எவருக்கும் வளைந்து கொடாது. ஒருவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது ஆளுக்கொன்றாக அறுபத்தொரு பேர் வரவேண்டும். இடைவழி கிடையாது. இருபத்துநான்கைக் காட்டிலும் அறுபத்தொன்று பெரியது என்பது உண்மையே. எனினும் பங்கு என்று வந்துவிட்டால் சிறியதே தாராளமானது. எண்ணின் பருமை வேறு, அதன் உள்ளமைப்பு வேறு என்பது இதிலிருந்து விளங்கும்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் வகுத்தி எனப்படும். ஒன்றும் தானுமாகிய இரண்டு வகுத்திகளை மட்டுமே உடைய எண்ணை இலங்கைப் பாடநூல்கள் முதன்மை எண் என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பகா எண் என்றும் வழங்குகின்றன. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. ஆயினும் ‘பகா’ என்ற சொல்லில் அதன் பிடிவாதம் நன்றாகத் தொனிக்கிறது. கன்னியாவிலுள்ள வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஏழு ஒரு முதன்மை எண். இருபத்துமூன்றும் அவ்வாறே. நிலாவெளிக் கரையிலே கரைவலை இழுத்தவர்கள் ஒரே அளவான இருபத்துமூன்று பாரை மீன்களைப் பங்கிட உட்கார்ந்தால், அவர்கள் இருவராயினும் அறுவராயினும் கத்தி எடுக்காமல் வழியில்லை. இன்னும் ஒரு மீன் கிடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

இவ்வளவும் கைவிரலுக்கு எட்டிய எண்கள். எண் பெருகப் பெருக இந்த உள்ளமைப்பு என்னவாகிறது? வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் நேயர்கள் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு, 6746328388800 என்னும் எண்ணை எழுதிக்கொள்ளலாம். பதின்மூன்று இலக்கங்கள். ஆறு இலட்சத்து எழுபத்துநாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்துமூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு என்று வாசிக்கவேண்டும். மூச்சு வாங்கும். பள்ளிச் சிறுவர்கள் இத்தகைய எண்ணைக் கண்டால் விழிப்பார்கள். பெரியவர்களும் அதனை ஏதோ வரவு செலவுத் திட்டத்தின் தொகை என்று எண்ணி அப்பால் நோக்குவார்கள். ஆனால் இந்த எண்ணுக்குள் நுழைவதற்கு நாலாம் ஐந்தாம் வகுப்பில் கற்ற உபாயங்களே பெரும்பாலும் போதும்.

இறுதியில் இரண்டு பூச்சியங்கள் இருப்பதால் நூறு அதனை வகுக்கும். இலக்கங்களைக் கூட்டினால் 63 வரும். 63 ஒன்பதின் மடங்கு. ஆதலால் ஒன்பது இவ்வெண்ணை வகுக்கும். அடுத்த உபாயம் பலர் அறியாதது, மிக இனியது. எண்ணை வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரியுங்கள்: 800, 388, 328, 746, 6. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, நான்காவதைக் கழித்து, ஐந்தாவதைக் கூட்டுங்கள். எண்ணூறிலிருந்து 388 போக 412. 328 சேர 740. 746 போகக் குறை ஆறு. ஆறு சேரப் பூச்சியம். இவ்வாறு பூச்சியம் வந்தால் 1001 அவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் என்பது விதி. ஆயிரத்தொன்று என்பது ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கி வருவது. ஆகவே ஒரே சோதனையில் 7, 11, 13 என்னும் மூன்று முதன்மை எண்களும் அகப்பட்டுவிட்டன.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 63 என்று கண்டோமல்லவா? அந்த 63 தானும் இவ்வெண்ணை வகுக்கும். ஏனெனில் ஒன்பதும் ஏழும் அதனுள் இருக்கின்றன. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’ எண்கள் என்று பெயரிட்டவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். மகாராட்டிரத்தில் நாசிக்குக்கு அருகிலுள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1905இல் பிறந்து 1986இல் மறைந்தவர். மகிழ்ச்சி தருவது என்பது அவ்வடமொழிப் பெயரின் பொருள். பட்டங்களும் பதவிகளும் பெற்றோர் பலர் அவருடைய எண் விளையாட்டுகளைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாவிட்டால் என்ன, எண்கள் அவருடன் விளையாடிக்கொண்டுதான் இருந்தன. ஹர்ஷத் என்னும் வகை, எண்ணை நாம் பத்தின் மடங்குகளாக எழுதும் வழக்கத்தைப் பொறுத்தது. எழுதும் முறை மாறினால் அந்தப் பெருமையும் மாறிவிடலாம். அது எண்ணின் உடை. உடலைக் காணவேண்டுமாயின் முதன்மைக் காரணிகளுக்குச் செல்லவேண்டும்.

முழுவதும் பிரித்துப் பார்த்தால் இவ்வெண்ணின் கட்டமைப்பு இதுதான்: இரண்டு ஆறு முறை, மூன்று நான்கு முறை, ஐந்து இரண்டு முறை, ஏழு இரண்டு முறை, பின்னர் 11, 13, 17, 19, 23 ஆகியன ஒவ்வொரு முறை. இவற்றை எல்லாம் பெருக்கினால் அந்தப் பதின்மூன்று இலக்கமும் வந்து நிற்கும். ஒரு முழுவெண்ணை முதன்மைக் காரணிகளாகப் பிரிக்கும் வழி ஒன்றே ஒன்றுதான். திருகோணமலையிற் பிரித்தாலும் தோக்கியோவிற் பிரித்தாலும் இதே பொருள்கள்தாம் வெளிவரும்.

வகுத்திகளை எண்ணுவதற்கு இனி அரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. பன்னிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு இருமுறையும் மூன்று ஒருமுறையும் இருக்கின்றன. ஒரு வகுத்தியை அமைக்கும்போது இரண்டை ஒருமுறையும் எடாமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஆக மூன்று வழி. மூன்றை எடுக்கலாம், விடலாம்; ஆக இரண்டு வழி. மூவிரண்டு ஆறு. பன்னிரண்டின் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறே. நமது பேரெண்ணுக்கும் இதே கணக்கு. இரண்டுக்கு ஏழு வழி, மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு மூன்று, ஏழுக்கு மூன்று, மற்ற ஐந்து காரணிகளுக்கும் இவ்விரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கினால் 10080. அவ்வெண்ணை மீதியின்றி வகுப்பன பத்தாயிரத்து எண்பது எண்கள்! ஒரு கிழமைக்குள் அடங்கிய நிமிடங்களும் சரியாக 10080. நிமிடத்துக்கு ஒரு வகுத்தியாக வானொலியில் ஒருவர் இரவு பகலாக வாசித்தால், ஞாயிறு நள்ளிரவில் தொடங்கியவர் அடுத்த ஞாயிறு நள்ளிரவில்தான் வாய் மூடலாம். ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எந்த எண்ணும் அவ்வரிசையில் விடுபடாது. இருபத்தொன்பதுதான் முதன்முதலாகத் தோற்பது.

வேறு பதின்மூன்று இலக்க எண்களுக்கு இந்தத் தாராளம் உண்டா? பெரும்பாலானவற்றுக்கு இல்லை. நமது எண்ணுடன் ஒன்றைக் கூட்டுங்கள், அல்லது ஒன்றைக் குறையுங்கள். அடுத்த வீட்டுக்காரர்களாகிய அவ்விரண்டு எண்களையும் 2 முதல் 28 வரையுள்ள எதுவும் வகுக்காது. இவ்வளவு வள்ளலுக்கு இருபுறமும் இத்தகைய கருமிகள் அமைந்திருப்பது தற்செயலன்று. அடுத்தடுத்த இரு முழுவெண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இருத்தல் இயலாது என்பதே காரணம்.

தனக்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணைக் காட்டிலும் கூடுதலான வகுத்திகளைக் கொண்ட எண்ணை ஒரு தனி வகையாகக் கொள்ளலாம். அதனை உயர் சேர்த்தி எண் என்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என அவ்வரிசை ஏறிச் செல்கிறது. பழைய மக்கள் இவற்றை விதி அறிந்து தேர்ந்தெடுத்தார்களோ அல்லது வழக்கத்தில் கண்டு கைக்கொண்டார்களோ, நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று எங்கும் இந்த எண்களே நிற்கின்றன. தமிழ் முன்னோரின் முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. மாவும் மாகாணியும் அதில் இனிது அடங்கும். ஆனால் மூன்றிலொன்று அடங்காது. 320க்குள் மூன்று இல்லை. வகுத்திகள் 14 மட்டுமே. அதனினும் சிறிய 240 இருபது வகுத்திகளைத் தருகிறது. முந்திரிக் கணக்கின் அருமையைப் பேசுவோர் இந்தக் குறையையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. கிரேக்க ஞானி பிளேட்டோ தமது ‘சட்டங்கள்’ என்னும் நூலில் ஒரு நகருக்கு 5040 குடித்தலைவர்கள் இருத்தல் தக்கது என்றார். ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணாலும் அது பிரிபடும் என்பது அவர் கண்ட காரணம். 5040க்கு 60 வகுத்திகள். அதுவும் ஓர் உயர் சேர்த்தி எண். இந்த 5040 பின்னும் வரும். நேயர்கள் அதனை நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

இந்த வகை எண்களை முறைப்படி ஆராய்ந்து அவற்றின் இலக்கணத்தை வகுத்தவர் ஒரு துறைமுகத்து இலிகிதர். 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் அவர். கணிதம் ஒழிந்த ஏனைய பாடங்களில் நாட்டமின்றிக் கும்பகோணத்திலும் சென்னையிலுமாக இரு கல்லூரிகளில் பரீட்சை தவறியவர். கடதாசி வாங்கப் பணமின்றிக் கற்பலகையிற் கணக்கெழுதி, முழங்கையால் அழித்து அழித்து மீண்டும் எழுதியவர். 1912 மார்ச்சு முதலாம் திகதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பகுதியில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் அமர்ந்தார். கழகத்தின் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியியலாளர். கணக்குப் பகுதியை மேற்பார்த்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். கப்பற் சரக்குக் கணக்கெழுத வந்த இளைஞனின் குறிப்புப் புத்தகத்தில் வேறொரு கணக்கு ஓடுவதைக் கண்டு, அதனைத் தண்டியாமல் தாங்கியவர்கள் அவ்விருவர். உத்தியோக மேசைகள் பலவற்றில் இது நடப்பதில்லை. 1914 மார்ச்சு 17இல் அவர் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டு ஜூலை இறுதியில் முதலாவது உலகப் போர் மூண்டது.

1729 என்ற எண்ணை ஒட்டி இராமானுசனைப்பற்றி வழங்கும் கதையை அறியாதார் இல்லை. ஆதலின் அதனை இங்கே விரிக்கவேண்டியதில்லை. உயர் சேர்த்தி எண்களைப்பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையோ அவ்வளவு பேசப்படுவதில்லை. 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் அது வந்தது. அதனைக் கொண்டே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிவழிப் பட்டம் வழங்கியது. இரு கல்லூரிகள் தர இயலாத பட்டம் இந்த வழியால் வந்து சேர்ந்தது.

அக்கட்டுரையில் ஒரு பெரிய அட்டவணை உண்டு. உயர் சேர்த்தி எண்கள் 102 அதில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் இறுதியாக நிற்பதுதான் இதுவரை பேசப்பட்ட 6746328388800. கணிபொறி இல்லாத காலம். கையும் தாளுமே கருவி. ஒவ்வோர் எண்ணாக ஆறு இலட்சம் கோடி எண்களையும் சோதித்துப் பார்ப்பது ஒரு பிறவியில் ஆகும் செயலன்று. ஆகவே இராமானுசன் எண்களின் பின்னே ஓடவில்லை. அவை நடக்கும் வழியைக் கண்டார்.

அவ்வழியின் ஒரு பகுதியை எளிதில் விளக்கலாம். 12ஐயும் 18ஐயும் பாருங்கள். பன்னிரண்டில் இரண்டு இருமுறை, மூன்று ஒருமுறை. பதினெட்டில் இரண்டு ஒருமுறை, மூன்று இருமுறை. வகுத்திகள் இரண்டுக்கும் ஆறே. பெரிய காரணியைக் கூடுதலாக எடுத்த பதினெட்டு வீணே பருத்தது, பயன் கூடவில்லை. ஆதலால் உயர் சேர்த்தி எண்ணில் சிறிய முதன்மைக் காரணிகள் கூடிய தடவையும் பெரியவை குறைந்த தடவையும் வரல்வேண்டும். இடையில் ஏற்றம் இருத்தல் ஆகாது. நமது எண்ணில் ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, பின் ஒன்று ஒன்றாக இறங்கிச் செல்வது கோயில் தீர்த்தக் குளத்தின் படிக்கட்டை நினைவூட்டும். கடைசிப் படியில் எப்பொழுதும் ஒன்றே நிற்கும் என்பதும் இராமானுசன் காட்டிய முடிவு. 4, 36 என்னும் இரண்டு எண்கள் மாத்திரமே இதற்கு விலக்கு. முடிவில்லாத எண் வரிசை முழுவதிலும் விலக்கு இரண்டே என்று துணிந்து சொல்வதற்கு எத்தகைய பிடி வேண்டும் என்பதைச் சிந்திக்கவேண்டும்.

உயர் சேர்த்தி எண்களுக்குள்ளும் அவர் ஒரு மேல் வகுப்பை அமைத்தார். பருமை கூடக்கூட வகுத்திகள் கூடுதல் இயல்பு. ஆதலின் பருமைக்குத் தக்க கழிவு கழித்த பின்னரும் எல்லா எண்களையும் வெல்வது எது என்று கேட்டார். இந்த இரண்டாவது சோதனையில் நமது எண் தேறவில்லை. அதன் மூன்றிலொரு பங்காகிய 2248776129600 தேறுகிறது. அதன் வகுத்திகள் 8064. தொகையிற் குறைந்தாலும், தன் பருமைக்கு அது தரும் பயன் உயர்ந்தது. உயர்ந்தோருள்ளும் உயர்ந்தோர் உண்டு என்ற இந்தப் பாகுபாடு பின்னர் ஆராய்ந்தோர்க்குப் பெரிதும் கைகொடுத்தது. லியோனிடாஸ் அலாவொக்லு, போல் ஏர்டிஷ் ஆகிய இருவரும் 1944இல் இத்துறையை மேலும் விரித்து எழுதினர்.

இனி, அந்த அட்டவணையில் ஒரு குறை உண்டு. 102 எண்களும் சரியானவையே. ஆனால் இடையில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. 293318625600, அதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. அதற்கு 5040 வகுத்திகள். தனக்குக் கீழுள்ள அனைத்தையும் அது வெல்கிறது. ஆகவே வரிசையில் இடம்பெற உரிமையுடையது. சற்றே பெரியதாகிய 321253732800க்கு வகுத்திகள் 5376. அந்த மிடுக்கான அயலவனின் நிழலில் இது மறைந்துவிட்டது போலும்.

வியப்பு என்னவெனில், விடுபட்ட எண்ணைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. அட்டவணையின் கடைசி எண்ணை 23 ஆல் வகுத்துப் பாருங்கள். வருவது 293318625600! இரண்டு ஆறு முறை, மூன்று நான்கு, ஐந்தும் ஏழும் இவ்விரண்டு, பின் 11, 13, 17, 19. எல்லாம் ஒன்றே, கடைசிப் படியாகிய 23 மாத்திரம் இல்லை. தவறிய எண் இறுதி எண்ணின் மடியிலேயே இருந்திருக்கிறது. நீண்ட தேடலில் சாவி அரைக்கச்சிலேயே இருந்த கதைதான்.

இதைக் கேட்டுச் சிலர் மனம் வாடலாம். இராமானுசனை நாமகிரித் தாயாரின் அருளால் விடை மட்டும் கண்டவர் என்று கொண்டாடுவோர்க்குப் பிழை என்ற சொல்லே கசக்கும். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு குறைவு உண்டு. விடைகள் தாமே வானத்திலிருந்து இறங்கியிருந்தால் ஒன்று விடுபட வழியில்லை. விடுபட்ட அந்த ஒரு வரி, மற்ற 102 வரிகளும் ஒரு மனிதன் குளிர்நாட்டிலே குனிந்திருந்து கணக்கிட்டவை என்பதற்கு எழுத்துச் சாட்சியாய் நிற்கிறது. பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் பிழைகள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. வழி தெரியாமல் விழுந்த பிழை ஒன்று. வழியைக் கண்டு நெடுந்தூரம் நடந்தவன் ஒரு கல்லைத் தாண்டிச் சென்றது இன்னொன்று. இரண்டாவதற்குப் பள்ளிக்கூடங்கள் இன்னும் தனி மை கண்டுபிடிக்கவில்லை.

அக்கட்டுரைக்கு நேர்ந்த பெரிய இழப்பு வேறொன்று. போர்க்காலத்தில் இலண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்தது. ஆகவே இராமானுசன் எழுதிய முழுமையும் அச்சேறவில்லை, பிற்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. அவர் 1920 ஏப்பிரல் 26இல், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். நிறுத்தப்பட்ட பக்கங்கள், பிரான்சு நாட்டு அறிஞர்களான ழான்-லூயி நிக்கொலா, கி ரோபன் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997இல் வெளிவந்தன. எண்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது? வகுத்திகளை எண்ணுவதுடன் நில்லாமல் அவற்றைக் கூட்டிப் பார்த்தலும் பழைய வழக்கு. கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த நிக்கொமாக்கஸ் எண்களை மூவகையாகப் பிரித்தார். தன்னை ஒழித்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னிலும் குறைந்தால் குறையெண், ஒத்தால் நிறையெண், மிகுந்தால் மிகையெண். ஆறு நிறையெண், ஒன்றும் இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஆறு. சீனக்குடாவின் கூறுகளில் 61உம் 14உம் குறையெண்கள், 24 மிகையெண். நமது பேரெண்ணோ மிகையெண்களிலும் மிகை. தன்னையும் சேர்த்து அதன் வகுத்திகள் அனைத்தையும் கூட்டினால், கூட்டுத்தொகை அவ்வெண்ணைப்போல் ஏறத்தாழ 5.84 மடங்கு வரும்.

இந்த மடங்கு எவ்வளவுதான் உயரலாம்? அதற்கு ஒரு கூரை உண்டா? இந்தக் கேள்வியைத்தான் இராமானுசன் அச்சேறாத பக்கங்களில் தொட்டிருந்தார். ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ரீமான் 1859இல் முதன்மை எண்களின் பரம்பலைப்பற்றிக் கூறிய கருதுகோள் ஒன்று உண்டு. அது உண்மையாயின், மிகப் பெரிய எண்களுக்கெல்லாம் இந்த மடங்கு ஒரு குறித்த கூரைக்குக் கீழே அடங்கும் என்று அவர் கண்டிருந்தார். 1984இல் கி ரோபன் அதனை முழுமையாக்கினார். ஓர் எண்ணின் இயற்கை மடக்கையைக் கண்டு, அந்த விடையின் மடக்கையை மறுபடி கண்டு, 1.781 என்னும் அளவாற் பெருக்கினால் வருவதே கூரை. ரீமானின் கருதுகோள் உண்மையாயின் 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அந்தக் கூரையைத் தொடாது. ஓர் எண் தொட்டுவிட்டாலும் கருதுகோள் பொய்.

5040! பிளேட்டோவின் குடித்தலைவர் தொகையேதான். அதன் வகுத்திகளைக் கூட்டினால் 19344, அதாவது 3.838 மடங்கு. அதன் கூரை 3.817. பிளேட்டோவின் எண் கூரையைப் பிய்த்துக்கொண்டு சற்றே வெளியே தலை நீட்டுகிறது. அதற்கு மேற்பட்ட எண் எதுவும் அவ்வாறு தலை நீட்டியதாக இதுவரை அகப்படவில்லை. ரீமானின் கருதுகோளை மெய்ப்பிப்போருக்குப் பத்து இலட்சம் டொலர் என்று அமெரிக்காவிலுள்ள கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. அப்பரிசு இன்னும் அங்கேயே இருக்கிறது. முதன்மை எண்களைப்பற்றிய எத்தனையோ முடிவுகள் இக்கருதுகோள் உண்மை என்ற கடனின்மேல் கட்டப்பட்டு நிற்கின்றன. ஒரே ஓர் எண், வகுத்திகள் மலிந்த ஒரே ஓர் எண், அந்தக் கட்டடங்களுக்கு அடியிலுள்ள கல்லை உருவிவிடக் கூடும். அப்படி ஒன்று இருக்குமாயின் அது அறுபத்தொன்றைப்போன்ற கருமிகளிடையே இராது. இராமானுசன் வரிசைப்படுத்திய வள்ளல்களின் இனத்திலேதான் இருக்கும்.

எழுதுகோலை இன்னும் கீழே வையாத நேயர்கள் நமது எண்ணுக்கும் அந்தக் கூரையைக் கட்டிப் பார்க்கலாம். 6746328388800இன் இயற்கை மடக்கை 29.54, அதன் மடக்கை 3.386; அதனை 1.781 ஆற் பெருக்க 6.03. எண் எட்டியிருப்பதோ 5.84.